கமராவும் உடைமையும்: கட்டளைவரிக் கருவிகளின் வரலாறு பற்றி ஒரு சமுதாயவியல் நோக்கு

1

கலை இலக்கிய வரலாற்றை ஆராய்வோர் படைப்புக்களையும் படைப்பாளிகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அப்படைப்புக்கள் எத்தகைய கருவிகளைக் கொண்டு ஆக்கப்பட்டன, அக்கருவிகள் யாருடைய உடைமையாக இருந்தன ஆகிய வினாக்கள் அத்துணை விரிவாக ஆராயப்படவில்லை. அச்சியந்திரத்தின் பரவலுக்கும் நவீன உரைநடையின் வளர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு எமது ஆய்வுலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளில் சமுதாய வாழ்வில் அச்சியந்திரத்துக்கு ஒப்பானதோர் இடத்தைப் பெற்றுவிட்ட இலக்கமுறைக் கமராவையும், அதிலிருந்து படத்தைப் பெற்றுப் பிறருக்கு அனுப்பும் மென்பொருள்களையும் தொழினுட்பவியலாளரின் விடயம் என்று ஒதுக்கிவிடும் போக்கே இன்றும் மேலோங்கி நிற்கின்றது. கருவியை ஒதுக்கிவிட்டுக் கலையை மட்டும் ஆராய்வது, நிலவுடைமையை ஒதுக்கிவிட்டு வேளாண்மையை ஆராய்வது போன்றதாகும்.

எழுத்தாளனை உற்பத்தியாளனாகக் கொண்டு வால்டர் பெஞ்சமின் 1934 இல் எழுதிய உரை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்று வினவுவதற்கு முன்னர், அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கின்றது என்று வினவுதல் வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் பேர்டோல்ட் பிரெக்ட் வானொலியைக் குறித்து இதனோடு உறவுடையதொரு கருத்தை முன்வைத்தார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விநியோகிக்கும் சாதனமாயிருந்த வானொலி, கேட்போரும் பேசுவதற்குரிய தொடர்புச் சாதனமாக மாற்றப்படல் வேண்டும் என அவர் கோரினார். வானொலியில் நிறைவேறாத அக்கோரிக்கை கமராவின் வரலாற்றில் எந்த அளவுக்கு நிறைவேறியது, எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் பொருளாகும்.

கமராவின் வில்லைக்குள் நுழையும் ஒளி மற்றொருவரின் கண்ணுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னர் மூன்று வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது. முதலாவது கருவி என்னும் வாயில்: கமராவிலிருந்து தரவு கணினிக்குள் வர வேண்டும். இரண்டாவது வடிவம் என்னும் வாயில்: மிகப் பெரிதாகிய அத்தரவு சுருக்கப்பட வேண்டும். மூன்றாவது வழி என்னும் வாயில்: சுருக்கப்பட்ட படம் வலையமைப்பின் வழியே மக்களைச் சென்றடைய வேண்டும். இம்மூன்று வாயில்களிலும் தனியுடைமை காவல் நின்றது. முதலிரண்டும் ஊதியம் பெறாத பலரின் கூட்டுழைப்பால் பெருமளவு திறக்கப்பட்டன. மூன்றாவது அவ்வாறு திறக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தைத் தொழினுட்பத்துள் மட்டும் தேடினால் விடை கிட்டாது என்பது எமது கருத்து.

2

கட்டளைவரி என்பது யாது என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் வேண்டும். திரையில் உள்ள படங்களையும் பொத்தான்களையும் சுட்டாமல், எழுத்தாலான கட்டளைகளைத் தட்டெழுதிக் கணினியை இயக்கும் முறையே கட்டளைவரி எனப்படும். இம்முறையின் உயிர்நாடி, குழாய் எனப்படும் ஏற்பாடாகும். ஒரு சிறு செய்நிரல் வெளியிடும் தரவை இன்னொரு சிறு செய்நிரல் உடனடியாக உள்வாங்கித் தன் வேலையைச் செய்து மூன்றாவதற்குக் கொடுக்கும். ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக் மக்கில்ரோய் 1964 இல் எழுதிய குறிப்பொன்றில், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்த் துண்டுகளைப் பொருத்துவது போலச் செய்நிரல்களை ஒன்றோடொன்று பொருத்த வழி வேண்டும் எனக் கருத்துத் தெரிவித்தார். 1973 இல் கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் இயக்கமுறைமையில் நடைமுறைப்படுத்தினார்.

யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியமைக்கு ஆய்வாளரின் தாராள மனப்பான்மை ஒரு காரணமாயினும், தீர்க்கமான காரணம் சட்டமாகும். பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளராகிய ஏ.டி.அன்ட்.டி. நிறுவனம் தொலைபேசித்துறையில் ஏகபோகம் கொண்டிருந்தது. அவ்வேகபோகத்தைக் கட்டுப்படுத்த அரசாங்கம் தொடுத்த வழக்கு 1956 இல் இணக்கத் தீர்ப்பொன்றில் முடிந்தது. தொலைத்தொடர்பு தவிர்ந்த வேறு வணிகங்களில் ஈடுபடுதல் அந்நிறுவனத்துக்குத் தடைசெய்யப்பட்டது. எனவே யுனிக்ஸ் பண்டமாக விற்கப்பட முடியாதிருந்தது. மூல நிரலுடன் சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்கு அளிக்கப்பட்டது. 1984 இல் நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் யுனிக்ஸ் பண்டமாயிற்று. உரிமக் கட்டணங்கள் உயர்ந்தன. பொதுவாகப் பயிலப்பட்ட நிரல் வேலியிடப்பட்டது. ‘மூலதனம்’ முதலாம் தொகுதியின் இறுதிப் பகுதியில் கார்ல் மார்க்ஸ் விவரிக்கும் ஆங்கிலேயப் பொதுநிலங்களின் வேலியடைப்பை இந்நிகழ்ச்சி நினைவூட்டாமற் போகாது.

மென்பொருள் தனியுடைமையாக்கப்படும் போக்குக்கு எதிர்வினையாகவே 1983 இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1989 இல் வெளிவந்த பொது மக்கள் உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தையே பயன்படுத்தி அதன் நோக்கத்தைத் தலைகீழாக்கியது. நிரலை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் மாற்றிப் பகிர்பவர் அதே உரிமையைப் பிறருக்கும் வழங்குதல் வேண்டும். 1991 இல் லைனஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இவ்வுரிமத்தின் கீழ் வளர்ந்தது. கமராவின் படத்தைக் குழாய் வழியே பாய்ச்சுவதற்கான களம் இங்ஙனம் அமைந்தது.

3

முதலாவது வாயிலை நோக்குவோம். வலையமைப்பில் காட்டப்பட்ட கமராக்களுள் முன்னோடியாகக் கூறப்படுவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் 1991 இல் வைக்கப்பட்ட ஒன்றாகும். கோப்பிப் பானையில் கோப்பி உண்டா இல்லையா என்பதை மாடிப்படி ஏறாமல் அறிந்துகொள்வதற்காக ஆய்வாளர் சிலர் அதனை அமைத்தனர். அகலத்தில் 128, உயரத்தில் 128 புள்ளிகள் கொண்ட, நிறமற்ற படம் அது. 1993 இல் அது உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டு, 2001 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. தம் ஆய்வுகூடத்துச் சாதனத்தைத் தம் தேவைக்கேற்ப இணைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவ்வாய்வாளருக்கு இருந்தது. கடையில் கமரா வாங்கிய சாதாரண மனிதருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.

1995 இல் டீ.வீ. எனப்படும் இலக்கமுறை நாடா வடிவம் சந்தைக்கு வந்தது. அவ்வாண்டில் சோனி நிறுவனம் வெளியிட்ட வீ.எக்ஸ். 1000 என்னும் கமரா, பதிவை அப்படியே கணினிக்கு மாற்றும் இணைப்பையும் கொண்டிருந்தது. அவ்விணைப்பு பயர்வயர் என்றும், ஐ.ஈ.ஈ.ஈ. 1394 என்றும் வழங்கப்பட்டது. இவ்வடிவத்தில் படம் செக்கனுக்கு 25 மெகாபிற் வேகத்தில் பதியும். ஒலியும் பிற தரவுகளும் சேர, ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைற் இடத்தைக் கொள்ளும். முந்திய நாடாக்களில் ஒவ்வொரு பிரதியும் தரத்தில் தேய்ந்தது. இங்கு பிரதியும் மூலமும் ஒன்றேயாயின. எந்திரமுறைப் பிரதியாக்கம் பற்றிப் பெஞ்சமின் எழுதியதன் முழு விளைவையும் இவ்வடிவத்திற் காணலாம்.

ஆயின் உற்பத்தி ஆற்றலின் இவ்வளர்ச்சி உடைமையுறவுகளால் உடனடியாகவே கட்டுப்படுத்தப்பட்டது. பயர்வயர் தொடர்பான ஆக்கவுரிமைகள் 1999 இல் ஒரே தொகுதியாக்கப்பட்டு, ஒவ்வொரு சாதனத்துக்கும் 25 அமெரிக்கச் சதம் அறவிடப்பட்டது. அதனினும் கருத்தூன்றத்தக்கது ஐரோப்பியச் சுங்கத் தீர்வையின் விளைவாகும். வெளியிலிருந்து வரும் படத்தையும் பதியவல்ல கமரா, தீர்வைப் பட்டியலில் ஒளிப்பதிவு இயந்திரமாகக் கருதப்பட்டு உயர்ந்த தீர்வைக்கு உள்ளாயிற்று. ஆதலின் உற்பத்தியாளர் ஐரோப்பாவில் விற்ற கமராக்களில், ஏற்கெனவே உள்ளே இருந்த அவ்வாற்றலை வேண்டுமென்றே முடக்கி விற்றனர். வாங்கியவர் தம் கமராவின் ஒரு பகுதியைத் தாமே பயன்படுத்த முடியாதவராயினர்.

லினக்ஸில் இவ்விணைப்பினூடாகப் படம் பெறுவதற்கு எழுந்த கட்டளைவரிக் கருவி டீவீகிராப் என்பதாகும். ஆர்ணே ஷிர்மாகர் எழுதத் தொடங்கிய இதனைப் பின்னர் டான் டெனடி பேணி வளர்த்தார். நாடாவை ஓட்டுதல், படத்தைப் பெறுதல், கோப்பாக எழுதுதல் ஆகியவற்றை ஒரு வரிக் கட்டளையால் இது செய்யும். கோப்பாக எழுதாமல் குழாயினுள்ளே செலுத்துமாறு பணித்தால், அடுத்த செய்நிரல் அதனை ஏற்றுச் சுருக்கி வலையமைப்பில் அனுப்பும். வீதியில் நிற்கும் ஒரு கமராவும் ஒரு பழைய கணினியும் சேர்ந்து ஒளிபரப்பு நிலையமாதல் இவ்வாறு இயல்வதாயிற்று.

நாடாக் கமராவினும் மலிவான வெப் கமராக்களின் வரலாறு இன்னும் கூர்மையான முரண்பாட்டைக் காட்டுகின்றது. லினக்ஸ் கெர்னலில் இத்தகைய சாதனங்களுக்குரிய பொது அமைப்பு ‘வீடியோ ஃபோர் லினக்ஸ்’ என்னும் பெயரில் அலன் கொக்ஸ் முதலியோரால் 1990களின் பிற்பாதியில் ஆக்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கமராவுக்கும் இயக்கி எனப்படும் தனி நிரல் தேவைப்பட்டது. கமராவின் உள்ளியல்பை உற்பத்தியாளர் வெளியிட்டாலன்றி அதனை எழுதுதல் கடினம். பிலிப்ஸ் கமராக்களுக்கான இயக்கியை நெமோசொஃப்ற் என்ற புனைபெயருடைய ஒருவர் எழுதினார். அவர் நிறுவனத்துடன் இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டிருந்தமையால் படத்தை விரிக்கும் பகுதியின் மூல நிரலை வெளியிட முடியவில்லை. அம்மூடிய பகுதி இல்லாவிடின் சிறிய அளவில், குறைந்த வேகத்தில் மட்டுமே படம் கிடைத்தது. மூடிய நிரலைக் கொளுவுவதற்காகக் கெர்னலில் இருந்த கொக்கி 2004 ஓகஸ்டில் நீக்கப்பட்டது. சினமுற்ற ஆசிரியர் தம் இயக்கி முழுவதையும் நீக்குமாறு கோரினார்; அது நீக்கப்பட்டது.

பயனாளர் பலர் தம் கமரா செயலற்றுவிட்டதெனக் கண்டித்தனர். கொள்கைக்கும் உடனடிப் பயனுக்கும் இடையிலான இம்மோதல் முற்போக்கு இயக்கங்கள் நன்கறிந்த ஒன்றே. அதன் முடிவு கவனத்துக்குரியது. லுக் சையார் என்பவர் மூடிய பகுதியின் செயற்பாட்டைப் பகுத்தறிந்து திறந்த நிரலாக எழுதினார். இயக்கி முழுமையாகவும் சுதந்திரமாகவும் மீண்டது. இரகசியம் என்று காக்கப்பட்டது உண்மையில் சமுதாய அறிவின் ஒரு பகுதியே என்பதும், உழைப்பைச் செலவிட்டால் அதனை மீட்டெடுக்கலாம் என்பதும் நிறுவப்பட்டன. இதே காலப்பகுதியில் மிஷேல் சாட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், தம் தொழிலுக்குப் புறம்பாகக் கிடைத்த நேரத்தில், இருநூறுக்கும் மேற்பட்ட வெப் கமரா வகைகளை இயக்கும் நிரலை எழுதினார். அவ்வேலை 2008 இல் கெர்னலின் பகுதியாயிற்று.

இதனை வீரர் சிலரின் வரலாறாக மட்டும் நோக்குதல் பிழையாகும். 2003 இல் யூ.எஸ்.பி. கமராக்கள் அனைத்துக்கும் பொதுவான நியமம் ஒன்றை நிறுவனங்களே வகுத்தன. ஒவ்வொரு மாதிரிக்கும் தனி இயக்கி எழுதும் செலவு இலாபத்தை அரித்தமையே இதற்குக் காரணம். போட்டி இரகசியத்தை வேண்டுகின்றது. பேரளவு உற்பத்தியோ பொதுமையை வேண்டுகின்றது. இம்முரண்பாட்டின் இடைவெளியிலேதான் தன்னார்வ உழைப்பு வேரூன்றியது. அந்நியமத்துக்குரிய இயக்கியை லோரான் பின்ஷார் எழுத, 2008 இல் அதுவும் கெர்னலில் சேர்ந்தது. முதலாவது வாயில் பெரும்பாலும் திறந்தது எனலாம்.

4

இரண்டாவது வாயிலின் வரலாறு பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்குகின்றது. இன்றைய படச் சுருக்க முறைகளுட் பெரும்பாலானவற்றின் அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை, கன்சாஸ் அரச பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974 இல் வெளியிட்டார். இவ்வாய்வுக்காக அவர் 1972 இல் ஐக்கிய அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகத்திடம் விண்ணப்பித்த நிதி மறுக்கப்பட்டது. கருத்து மிக எளியது என மதிப்பீட்டாளர் எண்ணினர். நிதியின்றியே நடைபெற்ற ஆய்வின் பெறுபேறு ஆய்விதழில் யாவருக்கும் உரியதாக வெளியிடப்பட்டது.

1988 இல் நிறுவப்பட்ட எம்பெக் குழு அவ்வடிப்படையின் மீது பல நியமங்களை எழுப்பியது. எம்பெக்-2 தொலைக்காட்சிக்கும், 2003 இல் வந்த எச்.264 இணையத்துக்கும் பொது மொழிகளாயின. ஆனால் அந்நியமங்களின் ஒவ்வொரு நுணுக்கமும் ஏதோவொரு நிறுவனத்தின் ஆக்கவுரிமைக்கு உட்பட்டிருந்தது. அவ்வுரிமைகளைத் தொகுத்துக் கட்டணம் அறவிடுவதற்காக எம்பெக் எல்.ஏ. என்னும் நிறுவனம் 1996 இல் தோன்றியது. மார்க்ஸ் 1857, 1858 ஆம் ஆண்டுகளில் எழுதிய குறிப்பேடுகளில், சமுதாயத்தின் பொது அறிவே நேரடி உற்பத்திச் சக்தியாகும் நிலையை முன்னுணர்ந்திருந்தார். அப்பொது அறிவு தனிவாடகையின் ஊற்றாக மாற்றப்படும் விதத்தை நாம் இங்கு தெளிவாகக் காண்கிறோம். நிலத்தை உழாத நிலவுடைமையாளன் குத்தகை பெறுவது போன்றதே இது.

இவ்வாயிலைத் திறந்த இரு முயற்சிகளும் பிரான்சிற் பிறந்தன. பாரிஸ் நகரை அடுத்த எக்கோல் சென்ட்ரால் என்னும் பொறியியற் கல்லூரியின் மாணவர் விடுதியில் வலையமைப்பு பழமையானதாகவும் வேகம் குறைந்ததாகவும் இருந்தது. புதியதொன்றைப் பெறுவதற்கு நியாயம் தேடிய மாணவர், செய்மதித் தொலைக்காட்சியை ஒரே அன்டெனாவாற் பெற்று வலையமைப்பின் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும் திட்டத்தை 1996 இல் தொடங்கினர். 1998 இல் நிரல் புதிதாக எழுதப்பட்டது. கல்லூரியின் இசைவைப் பெறும் நீண்ட முயற்சிக்குப் பின்னர் 2001 பெப்ரவரி முதலாம் திகதி அது பொது மக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. வி.எல்.சி. என்று இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுவே. எச்.264 முறையிற் படத்தைச் சுருக்கும் எக்ஸ்.264 என்னும் கருவியும் அச்சூழலிலேயே தோன்றியது.

மற்றையது எஃப்எஃப்எம்பெக். 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபப்ரிஸ் பெலார் அதனைத் தொடங்கினார். ஜெரார் லாந்தோ என்ற புனைபெயரையே முதலிற் பயன்படுத்தினார். ஒளியையும் ஒலியையும் எவ்வடிவத்திலிருந்தும் எவ்வடிவத்துக்கும் மாற்றவல்ல இக்கருவி முழுக்க முழுக்கக் கட்டளைவரியால் இயங்குவது. எங்கிருந்து பெறுவது, எவ்வாறு சுருக்குவது, எங்கு அனுப்புவது என்னும் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். நாம் மேலே கூறிய மூன்று வாயில்களும் அவ்வொரு வரியில் அடுத்தடுத்து அமைந்துவிடுகின்றன.

இவை பிரான்சில் தழைத்தமைக்குச் சட்டச்சூழலும் ஒரு காரணம். 1973 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆக்கவுரிமைச் சமவாயம் கணினி நிரலை அந்நிலையிலேயே ஆக்கவுரிமைக்குரியதாக ஏற்கவில்லை. இவ்விதிவிலக்கைத் தளர்த்தக்கூடியதெனக் கருதப்பட்ட பணிப்பாணையை நிரலாளரும் சிறு நிறுவனத்தினரும் பல்லாண்டு எதிர்த்தனர். 2005 யூலை 6 ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றம் 648 வாக்குகளால் அதனை நிராகரித்தது. ஆதரவாகக் கிடைத்தவை 14 மட்டுமே. மென்பொருளை எழுதியோரின் உழைப்போடு, சட்டத்தை எதிர்த்தோரின் அரசியற் செயற்பாடும் சேர்ந்தே இரண்டாவது வாயிலைத் திறந்தது. காலமும் ஓரளவு துணை செய்தது: எம்பெக்-2 தொடர்பாக ஐக்கிய அமெரிக்காவில் இருந்த ஆக்கவுரிமைகள் 2018 இல் முடிவுற்றன.

5

இவ்விரு வெற்றிகளும் ஒருங்கிணைந்து வெளிப்பட்ட தருணம் 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலமாகும். கல்வியும் தொழிலும் திரைக்கு இடம்பெயர்ந்தன. வெப் கமராக்கள் கடைகளில் தீர்ந்துபோயின. பலரிடம் தரமான நிழற்படக் கமராக்கள் இருந்தன. ஆயின் கணினி அவற்றை உயிர்ப்படக் கமராக்களாக அறியவில்லை. ஜிபோட்டோ2 என்னும் கட்டளைவரிக் கருவி இதற்கு வழிகாட்டியது. 1990களின் இறுதியில் தொடங்கி, மார்க்குஸ் மைஸ்னர் முதலியோராற் பேணப்பட்டுவந்த அத்திட்டம், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கமரா மாதிரிகளின் மொழியை அறிந்திருந்தது.

அதன் செயற்பாடு எளிது. கமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியைச் சிறு படங்களின் தொடராக ஜிபோட்டோ2 யூ.எஸ்.பி. வழியே பெற்றுக் குழாயினுட் செலுத்தும். எஃப்எஃப்எம்பெக் அதனை ஏற்று உரிய வடிவுக்கு மாற்றும். கெர்னலில் உருவாக்கப்பட்ட கற்பனைக் கமரா ஒன்றினுள் அது பாயும். உரையாடல் மென்பொருள் அதனை உண்மைக் கமராவாகவே கருதும். பணம் எதுவும் செலவின்றி ஓர் ஆசிரியர் தம் பழைய கமராவால் மாணவருக்குப் பாடம் நடத்த இது போதுமானதாயிற்று.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது உற்பத்தியாளரின் நடத்தை. கெனன் நிறுவனம் 2020 ஏப்ரலில் இதே பயனை அளிக்கும் மென்பொருளின் சோதனைப் பதிப்பை விண்டோஸுக்கு வெளியிட்டது. பின்னர் மக் கணினிகளுக்கும் வழங்கியது. 2022 இல் அதன் விரிவான வசதிகள் மாதச் சந்தாவுக்கு உட்பட்டன. விற்றுமுடிந்த பண்டத்திலிருந்து மீண்டும் வாடகை பெறும் வழி இங்ஙனம் கண்டறியப்பட்டது. நிழற்படக் கமராவுக்கும் உயிர்ப்படக் கமராவுக்கும் இடையிலான எல்லையும் இயற்கையானதன்று. முப்பது நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கமரா ஐரோப்பியத் தீர்வைப் பட்டியலில் உயிர்ப்படக் கமராவாக வகுக்கப்பட்டதனால், உற்பத்தியாளர் பலர் 29 நிமிடம் 59 செக்கனிற் பதிவு நின்றுவிடுமாறு தம் கமராக்களை அமைத்தனர். குழாய் வழியே பாயும் நேரடிக் காட்சியை இவ்வெல்லை கட்டுப்படுத்தவில்லை. சுங்க அட்டவணை இயந்திரத்துள் எழுதிய வரியைக் கட்டளைவரி அழித்துவிட்டது.

6

மூன்றாவது வாயிலில் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1999 நவம்பரில், உலக வர்த்தக நிறுவனத்துக்கு எதிராகச் சியாட்டில் நகரில் எழுந்த போராட்டங்களின்போது இன்டிமீடியா என்னும் சுயாதீன ஊடக மையம் தோன்றியது. சிட்னி நகரச் செயற்பாட்டாளர் ஆக்கிய சுதந்திர மென்பொருளைக் கொண்டு, எவரும் தாம் கண்டதையும் பதிந்ததையும் நேரடியாக வெளியிட அது வழிசெய்தது. பிரெக்ட் வானொலியிடம் எதிர்பார்த்தது அங்கு ஓரளவு நனவாயிற்று எனலாம். வழங்கியும் நிரலும் அவ்வியக்கத்தினரின் கையிலேயே இருந்தன என்பதே இங்கு முதன்மையான செய்தி.

2005 இல் யூரியூப் தோன்றி, 2006 இல் 165 கோடி டொலர் பெறுமதியான பங்குகளுக்குக் கூகுள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஒளிப்பதிவைச் சேமிக்கவும் இலட்சக்கணக்கானோருக்கு ஏககாலத்தில் அனுப்பவும் வேண்டிய கணினிகளும் கேபிள்களும் பெருமூலதனத்தை வேண்டுவன. இயக்கியை ஒரு மருத்துவர் தம் ஓய்வு நேரத்தில் எழுதிவிடலாம். தரவு மையத்தை அவ்வாறு கட்டிவிட முடியாது. எஃப்எஃப்எம்பெக் தன்னுடனேயே கொண்டிருந்த சிறு ஒளிபரப்பு வழங்கிநிரல் 2018 இல் நீக்கப்பட்டது. அதனைப் பேணுவோர் இல்லாமற் போயினர். இன்று பெரும்பாலோர் எழுதும் கட்டளைவரியின் இறுதிப் பகுதி, பெருநிறுவனம் ஒன்றின் முகவரியும் அது வழங்கும் இரகசியத் திறவுகோலுமே. குழாயின் தொடக்கம் எம்முடையது, முடிவு அவர்களுடையது.

இதனோடு உழைப்புச் சுரண்டலின் புதிய வடிவமும் இணைந்துள்ளது. எஃப்எஃப்எம்பெக்கின் நிரல் குரோம் உலாவியினுள்ளும் எண்ணற்ற வணிகச் சேவைகளினுள்ளும் இயங்குகின்றது. அதனை எழுதியோரிற் பலர் ஊதியமின்றி உழைத்தவர். அரசு ஒன்றின் ஆதரவு அத்திட்டத்துக்கு முதன்முறையாகக் கிடைத்தது 2024 இலேயே; ஜேர்மனியின் நிதியம் ஒன்று அதனை வழங்கியது. பொது உரிமம் பொதுநிலத்தை வேலியிடாமற் காத்தது. அந்நிலத்தின் விளைச்சலை யார் அறுவடை செய்வது என்பதை அதனால் தீர்மானிக்க இயலவில்லை. உற்பத்திக் கருவியின் சுதந்திரத்தையும் உற்பத்தி உறவுகளின் மாற்றத்தையும் ஒன்றெனக் கருதியோர் இவ்வேறுபாட்டைக் காணத் தவறினர்.

வழி பிறர் கையில் இருப்பதன் விளைவை எமது நாடும் அனுபவித்துள்ளது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி அரசாங்கத்துக்கு எதிரான மக்கள் எழுச்சியின்போதும் சமூக ஊடகத் தளங்கள் இலங்கையில் முடக்கப்பட்டன. முதலிரு சந்தர்ப்பங்களில் இனவெறுப்பின் பரவல் காரணமாகக் காட்டப்பட்டது. அத்தளங்களின் இலாப நோக்குக்கும் அப்பரவலுக்கும் தொடர்புண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. மூன்றாவது சந்தர்ப்பத்தில் எதிர்ப்பின் குரலே இலக்காயிற்று. மூன்றிலும் பொதுவாக இருந்தது ஒன்று. ஒரு சில தளங்களை மூடினால் ஒரு நாட்டின் காட்சித் தொடர்பையே பெருமளவு மூடிவிடலாம் என்ற நிலை அதுவாகும்.

7

எமது நோக்குக்கு எதிராக இரு கருத்துக்கள் எழக்கூடும். கட்டளைவரி கற்றோர் சிலரின் கருவியே, மக்களுடையதன்று என்பது ஒன்று. எழுத்தறிவும் ஒருகாலத்திற் சிலரின் உடைமையாகவே இருந்தது. அதற்காக எழுத்தைக் கைவிடுமாறு எவரும் கூறவில்லை, எழுத்தறிவைப் பரப்புமாறே கூறினர். இதே கருவிகள் காவற்றுறையின் கண்காணிப்புக் கமராக்களிலும் இயங்குகின்றனவே என்பது மற்றொன்று. இக்கூற்று உண்மையே. நிரல் தன்னைப் பயன்படுத்தும் கையின் வர்க்கத்தை அறியாது. அதனாலேயே கருவியின் வரலாறு அரசியல் வரலாற்றினின்றும் பிரித்து எழுதப்படக் கூடாது என்கிறோம்.

உடனடியாகச் செய்யத்தக்க பணியொன்றும் உண்டு. 1995 முதல் ஏறத்தாழப் பதினைந்தாண்டுக் காலம் உலகெங்கும் டீ.வீ. நாடாக்களிற் பதியப்பட்டவை பல. எமது நாட்டில் அக்காலப்பகுதியின் பெரும்பகுதி போர்க்காலமாகும். காந்த நாடா காலத்தால் அழியும். அதனை ஓட்டும் கமராக்கள் இப்போது உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2025 இல் வெளியிட்ட இயக்கமுறைமையிலிருந்து பயர்வயர் ஆதரவையே நீக்கிவிட்டது. தம் சந்தைக்கு உதவாத கடந்த காலத்தைப் பேண வேண்டிய தேவை முதலாளித்துவத்துக்கு இல்லை. பழைய கணினி ஒன்று, லினக்ஸ், ஒரு கேபிள், டீவீகிராப் ஆகியன இருப்பின் அந்நாடாக்கள் தரம் குன்றாமல் மீட்கப்படலாம். பல்கலைக்கழகங்கள் இப்பணியை ஏற்பதோடு, அவ்வாறு மீட்டவற்றைத் தம் சொந்த வழங்கிகளிலேயே வைத்துப் பகிரவும் முன்வருதல் வேண்டும்.

கருவி, வடிவம், வழி ஆகிய மூன்றனுள் முதலிரண்டையும் தனியாட்களின் ஓய்வுநேர உழைப்பும் அவர்தம் ஒத்துழைப்பும் வென்றெடுத்தன. மூன்றாவதனை அவ்வாறு வெல்லுதல் அரிது. அது பொது நிறுவனங்களையும், பொது முதலீட்டையும், அவற்றைக் கோரும் அரசியல் இயக்கத்தையும் வேண்டிநிற்கின்றது. படம் பிடிக்கும் உரிமை இன்று பரவலாகிவிட்டது. பிடித்த படத்தைப் பிறருக்குக் காட்டும் உரிமை யாருடையது என்பதே எஞ்சியுள்ள வினா. அவ்வினாவுக்கு விடை எழுதப்படும் களத்திற் கலை இலக்கிய ஆய்வாளரும் நிற்றல் வேண்டும்.